தைராய்டு இல்லாதவளின் மாத்திரை

ஓடுகிறோம். படிக்கட்டு இருட்டு. மேலே விசில் அடிப்பது போல ஒரு சத்தம். அது நின்றால்தான் பயம். நின்றது. பிறகு இடி. கண்ணாடி கொட்டும் சத்தம் கடைசியாக வந்தது.

"சுவத்த ஒட்டி வாங்க லாத்தா! சுவத்த ஒட்டி!"

கத்தியது செல்வி. எங்கள் மேல்வீட்டுக்காரி. காரைக்கால் தலத்தெருப் பெண். நாங்கள் பிழைக்கப் போயிருந்த வெளிநாட்டில் தையல் வேலை பார்த்தாள். நான் திருமலைராயன்பட்டினம். அக்காவை எங்கள் முஸ்லிம் வீடுகளில் லாத்தா என்போம். அவளும் என்னை அப்படியே கூப்பிடுவாள். அந்த நாட்டின் பெயரை எழுத மாட்டேன். நம் ஆட்கள் இன்னும் அங்கே வேலை பார்க்கிறார்கள்.

கட்டடத்தின் நிலவறையில் புகுந்தோம். என் கணவர் பாஸ்போர்ட்டை எடுத்திருந்தார். நகையை எடுத்திருந்தார். டிவி ரிமோட்டையும் எடுத்திருந்தார், ஏன் என்று அவருக்கே தெரியாது. என் மாத்திரை டப்பா சமையலறையில் இருந்தது. அன்றே அந்தச் சமையலறை குண்டில் போய்விட்டது.

எனக்குத் தைராய்டு சுரப்பி கிடையாது. கட்டி வந்து, அறுத்து எடுத்துவிட்டார்கள். அது செய்த வேலையை இப்போது ஒரு சின்ன மாத்திரை செய்கிறது. விடியலில், வெறும் வயிற்றில், நூறு மைக்ரோகிராம். ஆயுள் முழுக்க. ஆனால் நம் ஊரில் நோய்க்கே தைராய்டு என்றுதான் பெயர். இருக்கிறது என்றால் நோயாளி. இல்லை என்றால் சுகவாசி. அந்தப் பேச்சுதான் என்னைக் கொல்லப் பார்த்தது.

உதவிக்குழுவிலிருந்து ஒரு தமிழர் வந்தார். சுகர், பிரஷர், தைராய்டு இருப்பவர்கள் கையைத் தூக்கச் சொன்னார். செல்வி தூக்கினாள். நானும் தூக்கினேன். என் கணவர் குறுக்கிட்டார்.

"இவளுக்கு அத எடுத்தாச்சுங்க."

"எடுத்தாச்சா? அப்ப கவல இல்ல."

நான் வாயைத் திறந்தேன். தெருமுனையில் குண்டு விழுந்தது. அவர் ஓடிவிட்டார். மறுநாள் மருந்தை வேறு யாரோ கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்கள். செல்விக்கு ஓர் அட்டை. எனக்கு இல்லை.

உடம்பு உடனே விழவில்லை. மெதுவாக விழுந்தது. முகம் வீங்கியது. குரல் கட்டியது. எல்லோருக்கும் வியர்க்கிறது, நான் போர்வைக்குள் நடுங்குகிறேன். பயத்தில் இப்படி என்றார்கள். செல்வி மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து என்னவென்று கேட்டாள். சொன்னேன். தன் அட்டையைப் பிய்த்தாள். அவளுடையது ஐம்பது மைக்ரோகிராம். இரண்டை என் கையில் வைத்தாள். நான் மறுத்தேன். கோபம் வந்துவிட்டது அவளுக்கு.

"எனக்கு இருக்கறது அரகொறயா வேல செய்யுது. உங்களுக்கு ஒண்ணுமே இல்லயே லாத்தா. முழுங்குங்க."

அதன்பின் ஒவ்வொரு விடியலும் எனக்கு இரண்டு. அவளுக்கு ஒன்றுமில்லை.

அட்டை தீர்ந்துகொண்டு வந்தது. உதவிக்குழு எதிர்த் தெருப் பள்ளிக்கூடத்தில் இருப்பதாகச் செய்தி வந்தது. என்னால் எழுந்து நிற்க முடியவில்லை. கணவர் தண்ணீருக்குப் போயிருந்தார். செல்வி மிச்ச அட்டையை என் கையில் திணித்தாள். தைராய்டை எடுத்தவர்களுக்குத்தான் முதலில் வேண்டும் என்று அந்தத் தமிழரிடம் புரியும்படி சொல்லிவிட்டு வருகிறேன் என்றாள்.

"செல்வி, போவாத! செல்வி!"

என் குரல் எழும்பவில்லை. வெளியே விசில் சத்தம். நின்றது.

இப்போது ஊரில் இருக்கிறேன். தினமும் பள்ளிவாசலில் பாங்கு ஒலிக்கும் முன்பே எழுந்து மாத்திரை போடுகிறேன். நோன்பு மாதத்தில் இன்னும் முன்பே. கழுத்துத் தழும்பை முக்காட்டால் மூடச் சொல்கிறார்கள். மூடுவதில்லை. அதான் எடுத்தாச்சே, இன்னும் எதற்கு மாத்திரை என்று கேட்பவர்களை விடுவதில்லை. உட்காரவைத்து முழுக்கச் சொல்கிறேன். தலத்தெருவில் செல்வியின் அம்மா, மறந்துவிட்டு நல்லபடியாக இருக்கச் சொன்னார். நல்லபடியாக இருக்கிறேன். மறக்க மாட்டேன்.

அவள் தந்த அட்டையில் நான்கு மாத்திரை மிச்சம் இருந்தது. அவள் நினைவாக வைத்துக்கொள் என்றார்கள். இல்லை. அவள் போன மறுநாள் விடியலில் இரண்டு விழுங்கினேன். அதற்கு மறுநாள் இரண்டு. வைத்துக்கொண்டு அழவா கொடுத்தாள்?

போனவை: எங்கள் வீடு. அவளுடைய தையல் மிஷின். குண்டுச் சத்தத்தில் என் கணவருக்கு ஒரு காது.

போன ஆள்: செல்வி. அவளுக்குத் தைராய்டு இருந்தது.