சகலையின் நான்கு நிமிடங்கள்

எனக்கு ஆட வராது. விருந்து வீட்டில் யாராவது கையைப் பிடித்து இழுத்தால் தூணைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஆள் நான். அப்படிப்பட்டவன்தான் பதினான்கு நடனப் பாட்டுத் தொகுப்புகளைச் செய்து ஊரையே ஆட வைத்தேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், மேனேஜர் சார்.

முன்பெல்லாம் நடன அரங்கில் ஒரு பாட்டு முடிந்து அடுத்த இசைத்தட்டைப் போடுவதற்குள் பாதிப் பேர் போய் உட்கார்ந்துவிடுவார்கள். உட்கார்ந்தவர்களை மறுபடி எழுப்புவது லேசா? அதனால் நம் பழைய முதலாளி என்னைக் கூப்பிட்டு, "நடுவுல மூச்சு விட எடமே இருக்கக் கூடாதுப்பா" என்றார். முதல் தொகுப்பில் பன்னிரண்டு பாட்டுகள். சக்கைப்போடு போட்டது. நான்காவதில் இருபது, பதினான்காவதில் அறுபத்திரண்டு. ஒரு மணி நேரத்தில் அறுபத்திரண்டு பாட்டு என்றால் பல்லவி தலைகாட்டியதுமே கழுத்தில் கத்திதான். ஒலிநாடாவைப் பிளேடால் சாய்வாக நறுக்கி, அடுத்ததோடு ஒட்டுவேன்.

அந்த ஒட்டில்தான் வித்தை இருக்கிறது. இரண்டு பாட்டுகள் நேருக்கு நேர் மோதினால் ஆடுகிறவனுக்குக் கால் தடுக்கும். நடுவில் ஏதாவது வேண்டும்: ஒரு மேள உருட்டல், ஒரு 'ஹோய்', யாரோ மூச்சை இழுக்கும் சத்தம். இவையெல்லாம் என் சகலையின் பாட்டில் தாராளமாக இருந்தன.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவர். வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். இதே ஸ்டுடியோவில் ஒரே ஒரு பாட்டுப் பாடினார். நான்கு நிமிடம். ஆடுவதற்கு ஆகாது என்று முதலாளி அதைத் தட்டாகப் போடவில்லை. ஆகவே உலகத்திலேயே அதற்கு ஒரு நாடாதான். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்குப் பேச்சே இல்லை. தன் குரலை ஒருமுறை கேட்க வேண்டும் என்று அவர் சீட்டில் எழுதி நீட்டியதால்தான் நீங்கள் அலமாரியைத் திறந்தீர்கள். பெட்டிக்குள் நாடா இல்லாத வெறும் சக்கரம்தான் இருந்தது.

பிரதியைத்தான் வெட்ட வேண்டும், மூலத்தில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. தெரியும். ஆனால் பிரதி எடுத்தால் இரைச்சல் ஏறும். கேட்கிறவர்களுக்குச் சுத்தமான ஒலியைக் கொடுக்க வேண்டாமா? தொகுப்புக்குப் பதினேழு விநாடி போல எடுத்தேன், அதற்கு மேல் பேராசைப்படவில்லை.

ஏழாவது தொகுப்பு வந்தபோது சகலை தன் வீட்டுக் கூடத்தில் அதைப் போட்டு ஆடினார். நடுவில் சட்டென்று நின்று, "சகலை, இந்த எடம் எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே?" என்றார்.

"நல்ல பாட்டுன்னா அப்படித்தான் சகலை இருக்கும்" என்றேன்.

திருப்தியாகத் தலையாட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார். எனக்கும் மனசு நிறைந்தது. அவரை ஊரெங்கும் கேட்க வைத்தவன் நான்தானே.

மறுபடி சேர்க்க முடியுமா என்கிறீர்கள். முடியும். எந்தத் துண்டு எங்கே போனது என்பது எனக்கு மனப்பாடம். பதினான்கு தொகுப்புகளின் மூல நாடாக்களையும் பிரித்தால் ஒரு வாரத்தில் கோத்துவிடலாம். கடைசி ஆறு விநாடி மட்டும் கிடைக்காது. குரல் உச்சிக்கு ஏறி நிற்குமே, அந்த இடம்.

பொறாமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாடாவையும் மெஷினையும் மாமியார் வீட்டுக்குச் சுமந்துபோய் முதலில் போட்டுக் காட்டியதே நான்தான். அந்த உச்சியில் வீடே கைதட்டியது. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "பெரிய மாப்பிள்ளை, சுவிட்சை நீங்கதான் போட்டீங்களா? நல்லாப் போட்டீங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். சகலை வேறு என் தோளில் தட்டிக்கொடுத்தார்.

அந்த ஆறு விநாடியை நான் எந்தத் தொகுப்பிலும் சேர்க்கவில்லை. எந்தப் பாட்டோடும் அது ஒட்டாது. அதனால் வெட்டி அடுப்பில் போட்டேன். தொழில் சம்பந்தப்பட்ட முடிவு, அவ்வளவுதான்.

எப்போது என்று கேட்கிறீர்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்: மாமியார் வீட்டிலிருந்து திரும்பிய அன்றைக்கே. முதலாளி என்னைக் கூப்பிட்டு முதல் தொகுப்பைச் செய்யச் சொன்னது, அதற்கு ஆறு மாதம் கழித்து.