இத்தாவில் இருந்தவள் தந்த திறப்பு

பக்கீர் முகைதீன் பஸ்மிலா, வயது 41, முஸ்லிம், திருமணமானவர், கணவர் கட்டாரில் வேலை, தொழில் மணப்பெண் உடுப்புத் தையல், வதிவிடம் சாய்ந்தமருது கடற்கரைப் பக்கம். எனக்குத் தமிழ் எழுத வாசிக்கத் தெரியும். என்னை யாரும் வெருட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை. பெண் பொலிஸ் உத்தியோகத்தர் முன்னால் சுயமாகச் சொல்வதாவது:

பிரதான வீதியில் எனக்குச் சொந்தமாக ஒரு தையல் கடை உண்டு. அதிலிருந்து மூன்று ஷட்டர் தள்ளி ஸம்றாவின் கடை இருக்கிறது. அவளும் மணப்பெண் உடுப்புத்தான் தைக்கிறாள். நாங்கள் கூட்டாளிகள் அல்ல என்பதை முதலிலேயே பதியச் சொல்கிறேன். நான் வைத்துத் தைக்கும் மணிகள் வலீமா விருந்து முடிவதற்குள் உதிர்ந்துவிடும் என்று அவள் ஒரு பெண் வீட்டாரிடம் சொன்னது என் காதுக்கு வந்தது. அவள் வெட்டும் கழுத்துக்குள் இரண்டு தலை போகும் என்று நானும் சொல்லி அனுப்பினேன். அன்றிலிருந்து எங்களுக்குள் ஸலாம்கூட இல்லை.

கடந்த மாதம் ஸம்றாவின் கணவர் ஹாதிக் மாரடைப்பில் மௌத்தானார். அந்தக் கடையறை அவருடைய பெயரில்தான் அப்துல் ஸமட் ஹாஜியாரிடம் வாடகைக்கு எடுக்கப்பட்டிருந்தது. ஸம்றா கணவனை இழந்தவளுக்குரிய இத்தாவில் இருந்தாள். நான்கு மாதமும் பத்து நாளும் அவள் வாசலைத் தாண்ட முடியாது. போகாவிட்டால் தெரு கதைக்கும் என்பதால் நானும் மௌத்து வீட்டுக்குப் போனேன். ஹாதிக்கின் தம்பி பஸால் முன்வாசலில் கதிரை போட்டு, வருவோர் போவோரைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளறையில் ஸம்றா வெள்ளைச் சீலையில் இருந்தாள். அவளுடைய மாமி பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தார். நான் ஸலாம் கொடுத்துக் கட்டிப் பிடித்தபோது ஸம்றா என் கைக்குள் அவளுடைய கடைப் பெயர் கோத்த ஒரு பூட்டுத் திறப்பை வைத்து அமத்தினாள். ஒரு சொல்லும் சொல்லவில்லை.

நல்லெண்ணத்தில் தருகிறாள் என்று நான் நம்பவில்லை. நாளைக்கு அங்கே துணி களவு போனது என்று என் தலையில் போடத்தான் இந்த வேலை என்று நினைத்தேன். ஆழம் தெரியாமல் காலை விடுகிற ஆள் நான் இல்லை. திறப்பைக் கொண்டுபோய் அரிசி வாளிக்குள் போட்டுவிட்டு இருந்தேன்.

அதன் பின்னர் அப்துல் ஸமட் ஹாஜியார் ஒரு நாள் என் கடைக்கு வந்தார். ஸம்றாவின் கடை என்ன ஆகும் என்று கேட்டேன். அவர், "பூட்டிக் கிடக்கிற கடய வெச்சி நான் என்ன செய்யிற புள்ள? தொறந்திரிந்தா அது அவட கட. இப்பிடியே மூடிக் கிடந்தா வாற மாசம் பஸாலுக்குக் குடுப்பன். போன் கட போடப் போறாராம்" என்றார். திறப்பு ஏன் வந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. சொந்தக்காரர்களிடம் கொடுத்தால் பஸால் ஒரே நாளில் பறித்துவிடுவார். அவளுடைய தையல் பிள்ளைகளையும் கடை முடிந்துவிட்டது என்று சொல்லி அவர்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் நான். ஏனென்றால் அவள் கடை மூடினால் எனக்குச் சந்தோஷம் என்றுதான் ஊரே நினைத்தது.

அப்படியென்றால் போட்டிக் கடையை ஏன் திறந்தீர்கள் என்று என்னிடம் கேட்கப்பட்டது. அக்கரைப்பற்றிலிருந்தும் இறக்காமத்திலிருந்தும் பெண் வீட்டார் வான் பிடித்து வருவது ஒரு கடைக்காக அல்ல. அங்கே விலை கேட்டு, இங்கே வந்து அதைக் குறை சொல்லி, திரும்ப அங்கே போய்ப் பார்க்கத்தான் வருகிறார்கள். அவள் கடை போனால் அந்தச் சனமும் போகும், என் கடையும் காற்று வாங்கும். இது வியாபாரக் கணக்கு. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் பொய்யாகும். அந்த வெள்ளைச் சீலையில் அவளைப் பார்த்தது எனக்குத் தாங்கவில்லை.

அதன் பின்னர் நான் காலையில் என் கடையைத் தையல் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு ஸம்றாவின் கடையைத் திறக்கத் தொடங்கினேன். வழமையாக நான் முகம் மூடுவதில்லை. என்னை அங்கே கண்டால் பஸ்மிலா கடையை விழுங்கிவிட்டாள் என்று அவளுடைய வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள் என்பதால் மூடினேன். அப்போதும் எனக்கு அவள் மேல் சந்தேகம் தீரவில்லை. ஒவ்வொரு நாளும் திறக்கும்போதும் பூட்டும்போதும் அறை முழுவதையும் போனில் படம் எடுத்து வைத்தேன். பாதியில் கிடந்த உடுப்புகளையும் அதற்குரிய துணியையும் என் கடைக்குக் கொண்டுபோய் என் பிள்ளைகளைக் கொண்டு தைத்து முடித்து, அவளுடைய கடைப் பையில் போட்டுக் கொடுத்தேன். இன்று பொலிசார் என் கடையில் கண்டெடுத்த துணி அதுதான்.

அதன் பின்னர் ஊரில் ஒரு கதை கிளம்பியது. கடையில் இருப்பது ஸம்றா என்றும், அவள் இத்தாவை முறித்துவிட்டாள் என்றும் சொன்னார்கள். நாங்கள் இருவரும் ஒரே உயரம். ஒரு பின்னேரம் என் கடையில் அளவு கொடுக்க வந்த ஒருத்தி, "புரிசன் மௌத்தாகி ஒரு மாசம் ஆகல்ல, அவளுக்கு யாவாரம் கேக்குது ராத்தா" என்று என்னிடமே சொன்னாள். அளவு நாடாவைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றேன். அது நான்தான் என்று சொன்னால் அடுத்த நிமிடம் பஸால் வந்து பூட்டுவார். சொல்லாவிட்டால் அவள் மானம் போகும். அவளைக் கெடுக்கத்தான் நான் முகத்தை மூடிக்கொண்டு திரிகிறேன் என்று ஸம்றாவும் நினைப்பாள் என்று பயந்தேன்.

இன்று காலை பத்து மணியளவில் பஸால் இன்னும் இரண்டு பேருடன் வந்து, போனில் வீடியோ எடுத்தபடி ஸம்றாவின் கடை வாசலில் நின்று, "ஸம்றா, வெளிய வா! எண்ட காக்காட கபுறு மண் காயல்ல, ஒனக்குக் கட கேக்குதா?" என்று அண்ணனைச் சொல்லிச் சத்தம் போட்டார். சனம் கூடியது. நான் வெளியே வந்து முகத்திரையைத் தூக்கி, "நல்லா எடுங்க. நான் ஆரு எண்டு செல்லுங்க" என்றேன். அவர் முகம் செத்துவிட்டது. திறப்பு ஸம்றா தந்தது என்று நான் சொன்னதும், "அப்ப நீ கள்ளி. இது எண்ட காக்காட கட. திறப்புக் குடுக்க அவளுக்கும் உரிம இல்ல" என்று சொல்லிப் பொலிசுக்கு அறிவித்தார். பொலிசார் வந்து என் கடையையும் சோதித்த பின்னர் நான் இங்கே கொண்டுவரப்பட்டேன்.

கேள்வி: திறப்பைத் தந்ததற்குச் சாட்சி உண்டா?

பதில்: இல்லை. தந்தவளே வாய் திறக்கவில்லை. ஸம்றாவை இங்கே கூப்பிட வேண்டாம், பெண் உத்தியோகத்தர் ஒருவர் வீட்டுக்குப் போய், பஸால் இல்லாத இடத்தில் கேட்கட்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன். அவர் போன பிறகு பொலிஸ் நிலைய வாங்கில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்று ஸம்றா சொல்லிவிடுவாள் என்றுதான் என் மனம் சொல்லிக்கொண்டிருந்தது. என்னைக் கள்ளியாக்கி என் வாடிக்கையை எடுக்க இதைவிட நல்ல நாள் அவளுக்குக் கிடைக்காது.

பெண் உத்தியோகத்தர் திரும்பி வந்து ஸம்றா சொன்னதை எனக்கு வாசித்துக் காட்டினார். ஸம்றா சொன்னது: "இண்டைக்கி மட்டும்தான் பஸ்மிலா ராத்தா வந்தவ. மத்த நாளெல்லாம் கடயத் தொறந்தது நான்தான். துணியத் தைக்கச் செல்லிக் குடுத்ததும் நான்தான். அவ ஒண்டும் களவெடுக்கல்ல. இத்தாவ முறிச்சது நான்."

இதைக் கேட்டு நான் அழுதேன். நான் பஸாலிடமும் ஊரிடமும் வைத்த சந்தேகம் எதுவும் பிழையில்லை. இவளிடம் வைத்தது மட்டும் பிழை.

ஸம்றாவின் கூற்றுப்படி களவு நடக்கவில்லை என்பதால் அதை ஒப்புக்கொண்டு கையொப்பம் வைத்தால் நான் வீட்டுக்குப் போகலாம் என்று பொறுப்பதிகாரி சொன்னார். பஸாலும் வெளியே நின்று, அந்தக் கூற்றின் பிரதி பள்ளிவாசலுக்குக் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் மறுத்தேன். ஸம்றா கணவர் மௌத்தான நாளிலிருந்து வாசலைத் தாண்டவில்லை. எல்லா நாளும் கடையைத் திறந்தவள் நான். அதற்கு என்ன வழக்கு வருமோ அது என் மேல் வரட்டும்.

மேற்கண்டவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன, விளங்கிக்கொண்டேன். ஸம்றா சொன்னதைத் தவிர இதில் பொய் எதுவும் இல்லை.

ஒப்பம்: ப. மு. பஸ்மிலா