'கணவன்' வாங்கிய மதிப்பெண்

'மழை' என்ற சொல்லுக்கு ஏழுக்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள் ஐயா? யோசிக்க வேண்டாம், மனதில் பட்டதைச் சொன்னால் போதும். மிகவும் பிடித்த சொல்லுக்கு ஏழு, பிடிக்கவே பிடிக்காததற்கு ஒன்று. என் ஆய்வே அவ்வளவுதான்.

பட்டாபிராமில் வீடு வீடாக நாற்பது சொற்களைக் கொடுத்து மதிப்பெண் வாங்கினோம். கணினியில் ஏற்றினால் ஒவ்வோர் ஆளும் ஒரு புள்ளி. ரசனை ஒத்துப்போகும் இருவருக்கு நடுவே ஒரு கோடு விழும். ஒற்றுமை கூடக் கூடக் கோடு தடிக்கும். மொத்தத்தில் மீன்வலை மாதிரி இருக்கும்.

அந்த வலையில் ஒரே ஒரு கோடு மட்டும் விரல் பருமன். ஒரு முனையில் டில்லிபாபு, எனக்காக வீடுகளுக்குப் படிவம் கொண்டுபோன ஆள். பழகிக்கொள்ள அவனையும் ஒன்று நிரப்பச் சொல்லியிருந்தேன். மறுமுனையில் என் மனைவி மைதிலி. நாற்பதும் அச்சு அசல். 'மல்லிகை' ஏழு. 'கணவன்' இரண்டு.

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. ஆனாலும் அவளிடம் நான் வாய் திறக்கவில்லை. கேட்டால் மனிதர்கள் பொய் சொல்வார்கள், எண்கள் சொல்லாது.

அடுத்த கணக்கெடுப்பு என்று சொல்லி டில்லிபாபுவை வெள்ளானூரில் பாதி கட்டிய வீடொன்றுக்குக் கூட்டிப் போனேன். அங்கே கிடந்த இரும்புக் கம்பியால் முழங்காலில் ஒன்று வைத்துவிட்டு, இரண்டு படிவமும் எப்படி ஒன்றாக இருக்கிறது என்று கேட்டேன்.

"சார், அக்கா ஃபாரத்த நான்தான் ரொப்புனேன் சார். டீக்கடைல குந்திகினு என்னுத பாத்து அப்டியே எய்திட்டேன். வேற ஒண்ணியும் இல்ல சார், உட்டுடுங்க சார்."

பொய் சொல்லவும் ஒரு திறமை வேண்டும். தாடை உடைந்த பிறகு அவன் பேசவில்லை. மண்டை நசுங்கும்வரை அடித்தேன்; எந்த வேலையையும் பாதியில் விடுவது எனக்குப் பிடிக்காது.

வீட்டில் மைதிலி தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுப்பதுதானே நியாயம்? சாதாரணமாகவே கேட்டேன்.

"அந்த ஃபாரமா? நான் எங்கங்க பாத்தேன்? கைவேலையா இருந்தேன். நானே போட்டுக்கறேன்க்கானு டில்லிபாபு எடுத்துகினு பூட்டான்."

தோசைக்கல்லை அடுப்பிலிருந்து அப்படியே எடுத்தேன். கைப்பிடி சுட்டுவிட்டது, இதோ கொப்புளம். அவள் விழுந்த பிறகும் அடித்தேன். அப்புறம் அடுப்பை அணைத்தேன். கேஸ் வீணாகக் கூடாது அல்லவா.

இரண்டு பேரையும் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள் ஐயா. அவனைத் தனியாகக் கேட்டேன், அவளைத் தனியாகக் கேட்டேன். இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?