குழலுக்குக் கீழ ஒரு சீட்டு

இல்ல சார், தரமாட்டேன்னு நான் சொல்லலையே. சனிக்கிழமை உங்க அப்பா சவப்பெட்டிக்கு முன்னாடி இந்தப் பழைய பட்டாளத்துக் கவச வண்டி சர்ச் வரைக்கும் போகணும், அவ்வளவுதானே? ப்ளூம்ஃபொன்டைன்ல இன்னைக்கு இதை ஓட்டத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். வரேன். ஆனா அதுக்கு முன்னாடி உள்ள உக்காந்து பாருங்க. ம்ஹூம், மேல கூண்டுல இல்ல, அது உங்க அப்பா எடம். முன்னாடி, டிரைவர் சீட்டு.

குனிங்க, தலை பத்திரம். இடிச்சுக்கிட்டீங்களா? எல்லாரும் இடிச்சுக்குவாங்க.

இவ்வளவூண்டு வண்டிக்கு இம்மாம் பெரிய பீரங்கியான்னா கேக்குறீங்க? நியாயந்தான். இது வேவு வண்டி சார். நாலு சக்கரம், நல்ல ஓட்டம், டயர்ல குண்டு பாஞ்சாலும் நிக்காது. போனோமா, பாத்தோமா, ஓடியாந்தோமான்னு இருக்கணும். பீரங்கியப் பாத்ததும் எங்க தென்னாப்பிரிக்கப் படையில பெரிய ஆபீசருங்களுக்கு ஆசை வந்துருச்சு. அங்கோலா சண்டையில கொண்டுபோய் டாங்கிக்கு எதுக்க நிறுத்துனாங்க. தகரம் சார் இது! பின்னாடி பெட்ரோல் இன்ஜின் வேற. பத்திக்கிச்சுன்னா முடிஞ்சுது.

இப்ப தலைக்கு மேல இருக்கிற மூடியத் தள்ளுங்க. நல்லாத் தள்ளுங்க, ரக்பி ஆடுன ஒடம்புதானே. வராது. பீரங்கிக் குழல் அதுக்கு நேர் மேல நிக்குது. பக்கத்துக் கதவா? இருக்கே. சண்டைக்குப் போறப்ப அங்க குண்டு அடுக்கிருவோம், வேற எடம் ஏது? அதனாலதான் எங்க படையில ஒரு வழக்கம். மேல இருக்கிறவன் குதிக்கிறதுக்கு முன்னாடி குழலை ஓரமாத் திருப்பிட்டுத்தான் குதிக்கணும். மோட்டார் கீட்டார் கெடையாது, கைச்சக்கரம்.

அங்க அவரு வண்டி அடிபட்டுப் பத்திக்கிச்சப்ப, மேல கமாண்டரா இருந்த உங்க அப்பாவும் திருப்பிட்டுத்தான் குதிச்சேன்னாரு. பீரங்கி சுடுற கன்னர் செத்துட்டான், டிரைவரக் கூப்புட்டேன், சத்தமே இல்லன்னாரு. மெடல் குத்துனாங்க. சனிக்கிழமை பாதிரியாரும் அதைத்தான் பேசுவாரு.

மறுநாள் அந்த வண்டிய இழுத்தாந்த மெக்கானிக் நான். குழல் இதோ, இப்ப நிக்குதே, இதே மாதிரி நின்னுச்சு. மூடி ரெண்டு விரக்கடை தூக்கி, குழல்ல முட்டிக்கிட்டு இருந்துச்சு. செத்தவனா சார் மூடியத் தள்ளுவான்? மேஜர்கிட்ட சொன்னேன். பொத்திக்கிட்டுப் போடான்னாரு. 

வெளிய வரணுமா? பக்கத்துக் கதவு வேணாம், மூடி வழியாவே வாங்க. இருங்க, மேல ஏறித் திருப்பி விடுறேன். ஆங், இப்ப தள்ளுங்க. பாத்தீங்களா, எவ்வளவு நேரம் ஆச்சு?

மூஞ்சியத் தொடச்சுக்குங்க. வண்டி வரும், சொன்னா சொன்னதுதான். ஆனா குழலை நேரா வச்சு, மூடிய மூடிக்கிட்டுத்தான் ஓட்டியாருவேன். சர்ச் வாசல்ல எல்லாரும் பாக்க நீங்க மேல ஏறிக் குழலைத் திருப்பி, என்னை வெளிய விடணும். அப்பறம் பெட்டிய எறக்கலாம்.

அந்த டிரைவர் பேரா? டெவால்ட். என் கூடப்பொறந்தவன்.