வலது மார்பில் ஒரு பதக்கம்

பதக்கங்களுக்கு மட்டும் பாலிஷ் போடவே கூடாது, சார்ஜன்ட். உங்கள் வீட்டிலோ போலீஸ் ஸ்டேஷனிலோ யாராவது வைத்திருந்தால் சொல்லிவையுங்கள். மெல்லிய துணியால் தூசி தட்டினால் போதும். கறுத்துப்போனால் போகட்டும், அது அதன் வயது.

கீத் பாஸ்கோவின் மனைவி ஐவிக்கு இது தெரியாது. ஆண்டுதோறும் ஏப்ரலில், போர்வீரர்களை நினைவுகூரும் ஆன்சாக் நாளுக்கு முன்பு சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்து, கணவனுடைய வெள்ளிப் பதக்கத்தைத் தேய் தேய் என்று தேய்ப்பாள். இரண்டாம் உலகப் போரில், நியூகினியில் ஒரு மலைமேட்டில் காட்டிய துணிச்சலுக்காக அவனுக்குக் கிடைத்தது. அவனோடு முதலில் ஏறியவர்கள் யாரும் இறங்கி வரவில்லை. விளிம்பில் அவனுடைய படை எண்ணும் பெயரும் பொறித்திருந்தன. ஐவி சாகும்வரை தேய்த்ததில் எண் அடியோடு போய்விட்டது, பெயரும் பாதிதான் மிச்சம்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். போரின்போது நான் மெல்பர்னில் ஒரு கிடங்கில் பூட்ஸ் எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்கும் ஒரு பதக்கம் கொடுத்தார்கள், சுத்தமான அசல். பிறகு சேகரிக்கத் தொடங்கினேன். இந்தக் கோதுமைச் சீமையில் எது அசல், எது போலி என்று தெரிய வேண்டுமென்றால் இந்த மெர்வ் டட்டனிடம்தான் வருவார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். அந்த மலைமேட்டுச் சண்டைக்காக கீத்தின் பட்டாலியன் வாங்கிய துணிச்சல் பதக்கங்கள் என் வெல்வெட் தட்டில் இருந்தன. ஒரு குழி மட்டும் காலி.

கீத்திடம் கேட்டுப் பார்த்தேன். மகள் நொரீனுக்கென்று வைத்திருப்பதாகச் சொன்னான். அவன் மேல் எனக்கு வருத்தமில்லை. நல்ல மனிதன். ஆன்சாக் அணிவகுப்பில் முதல் வரிசையில் நடப்பான். ஊரில் அவனுக்கு இருந்த சொத்து அந்த இடம்தான்.

ஓர் ஆண்டு பக்கத்து ஊரில் ஒருவன் காசு கொடுத்து வாங்கிய பதக்கங்களைக் குத்திக்கொண்டு அணிவகுத்துப் பிடிபட்டான். எங்கள் முன்னாள் படைவீரர் சங்கத்தில் பயந்துபோய், எல்லோருடைய பதக்கங்களையும் ஒருமுறை பார்த்துவிடும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள்.

பார்க்கும் விதம் எளிது. மோசடிக்காரன் யாரோ ஒருவனுடைய பெயரை அரத்தால் ராவிவிட்டு வேறு பெயரை அடிப்பான். விளிம்பு தேய்ந்திருக்கும், ஆனால் நடுவில் மன்னரின் முகம் புதிதாக இருக்கும். பாலிஷ் அப்படியில்லை. அது மன்னரையும் விட்டுவைக்காது. கீத்தின் பதக்கத்தில் மன்னருக்கு மூக்கே இல்லை. கையில் வாங்கியதுமே அது ஐவியின் வேலை என்று தெரிந்துவிட்டது.

தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

"விளிம்புல அரம் போட்டிருக்காங்க, கீத். இது உனக்குக் கொடுத்தது இல்ல."

"கவர்மென்ட்தானப்பா அனுப்புனாங்க," என்றான். பிறகு கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"இது எனக்குச் சேர வேண்டியதில்லன்னு எனக்கே பல நாள் தோணியிருக்கு, மெர்வ். மேட்டுல செத்துக் கிடந்தாங்களே, அந்தப் பசங்களுக்குச் சேர வேண்டியது."

பதக்கத்தை என்னிடம் விட்டுவிட்டால் காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடலாம் என்றேன். அவன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். விட்டுப் போயிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

சங்கச் செயலாளர் ரெக், கீத் என்ன சொன்னான் என்று கேட்டார். "இது எனக்குச் சேர வேண்டியதில்லன்னு சொன்னான்" என்றேன். அவன் சொன்னதுதான், ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை. மீதிப் பாதியை யாரும் கேட்கவில்லை. ராணுவ ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்கும் பொறுப்பையும் என்னிடமே விட்டார்கள். நான் எழுதவில்லை. ஆனால் "எழுதினேன், அவன் பெயர் இல்லையாம்" என்று ரெக்கிடம் சொன்னேன்.

அடுத்த ஏப்ரலில், ஆன்சாக் அணிவகுப்பின் முதல் வரிசையில் ஆட்கள் நெருங்கி நின்றுகொண்டார்கள். கீத் எதிர்ப்பக்க நடைபாதையில் கோட்டுப் போட்டு, மார்பு வெறுமையாக நின்றான். அணிவகுப்பு முடிந்து பப்புக்கு வந்தபோது கம்பளித் தரகன் ஒருவன், "ஏன் கீத், நீ ஏறின மேடு நியூகினியிலயா, நகைக்கடை மாடியிலயா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் மட்டும் சும்மா இருந்தால் நன்றாக இருக்காது.

குளிர்காலம் வருமுன் தன் பண்ணைக் குட்டையில் இறங்கிவிட்டான். பூட்ஸைக் கழற்றிக் கரையில் ஜோடியாக வைத்திருந்தான். நல்ல பூட்ஸ். அடக்கத்துக்குச் சங்கக் கொடி போகவில்லை.

பிறகு ஒருநாள் நொரீன் என் வாசலுக்கு வந்தாள். "இந்தக் கருமத்த வீட்டுல வெச்சிருக்க முடியல அங்கிள். நீங்களே எங்கயாவது தூக்கிப் போட்டுருங்க." கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன், பார்த்தும் கொண்டேன். தட்டில் அந்தக் குழிக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் அதற்குப் பாலிஷ் போட்டதில்லை.

இப்போது நொரீன் தானே காப்பகத்துக்கு எழுதிக் கேட்டு, அசல்தான் என்று பதிலும் வாங்கிவிட்டாள் என்கிறீர்கள். சரிதான். அதை அவளுக்கு முன்பே தெரிந்தவன் நான்.

சென்ற ஆன்சாக் நாளில் நான் அதை அணிந்திருந்த புகைப்படத்தைக் காட்டினீர்கள். ஆமாம், நான்தான். முதல் வரிசையில். ஆனால் எந்தப் பக்கம் என்று பாருங்கள், சார்ஜன்ட். இடது மார்பு சொந்தமாகச் சம்பாதித்ததற்கு, வலது மார்பு நம் வீட்டில் இறந்தவர்கள் சம்பாதித்ததற்கு. என் கிடங்குப் பதக்கம் இடப்பக்கம் இருக்கிறது, கீத்தினுடையது வலப்பக்கம். அவனுக்காக யாராவது ஒருவர் அணிய வேண்டாமா?

பொய் சொன்னேன், பதக்கத்தை எடுத்துக்கொண்டேன், அவன் சாவுக்கு நான் காரணம். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். போலி என்று மட்டும் என்னை எழுதிவிடாதீர்கள்.