பட்டியலில் இல்லாத குரல்

ஆற்று நீர்மட்டக் கண்காணிப்புப் பிரிவின் கணினி நிர்வாகி காவல் நிலையத்துக்கு நேரில் வந்து, காலை பத்தரை மணிக்குச் சொல்லத் தொடங்கியதும், அவர் சொல்லச் சொல்ல நிலைய எழுத்தரால் எழுதப்பட்டதும்:

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு இலக்கம் ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதிக் கையொப்பமிட்டு இத்துடன் இணைத்திருக்கிறேன். எனக்கு வயது முப்பத்தாறு. மனைவியுடனும் ஒரு மகளுடனும் ரயில் பாதையை ஒட்டிய இரண்டாம் மாடி வீட்டில் குடியிருக்கிறேன். மேற்படி பிரிவில் ஒன்பது ஆண்டுகளாகச் சர்வர்களைப் பராமரிக்கும் வேலை செய்துவருகிறேன். ஆற்றோரப் பம்பு நிலையத்தின் காவலாளி இறந்தது தொடர்பாக விசாரிக்கப்பட்டு, எவருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன்.

எங்கள் பிரிவில் ஓர் இணையச் செயலி இருக்கிறது. ஆற்றில் ஏழு இடங்களில் பொருத்திய கருவிகள் நீர்மட்டத்தை அதற்கு அனுப்பும். மட்டம் சிவப்புக் கோட்டைத் தாண்டினால், தாழ்வான தெருக்களில் உள்ள நானூற்றுப் பன்னிரண்டு தொலைபேசிகளுக்கு அது தானாகவே அழைத்து எச்சரிக்கும். இதை எழுதியவர் எங்கள் பிரிவின் மூத்த நிரலாளர். அவரை எல்லோரும் சீனியர் என்றுதான் கூப்பிடுவோம். அழைப்பில் கேட்கும் குரலும் அவருடையதே. ஒரு விடுமுறை நாளில், சத்தம் விழக்கூடாது என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, சட்டை முதுகோடு ஒட்டும்படி வியர்த்துக்கொண்டு, எண்களையும் தெருப் பெயர்களையும் ஒவ்வொன்றாகப் பேசிப் பதிவு செய்தார். யாரும் உள்ளே வராமல் நான் கதவருகே நின்று பார்த்துக்கொண்டேன். "தண்ணி ஏறுது, மேட்டுக்கு வந்துடுங்க" என்பது அதில் கடைசி வாக்கியம். போங்க என்றல்லவா சொல்லவேண்டும் என்று நான் கேட்டதற்கு, "போன்னு சொன்னா யோசிப்பாங்கடா. வான்னு கூப்பிட்டா வந்துடுவாங்க" என்றார்.

இந்த ஆண்டின் தொடக்கத்தில் அவர் அலுவலக மாடிப்படியில் மாரடைப்பால் இறந்தார். அவருக்கு வயது நாற்பத்தொன்பது.

அதன் பிறகு நான்கு மாதம் கழித்து, பழைய சர்வர் வைத்திருந்த அறையை வேறு பிரிவுக்குக் கொடுப்பதாக முடிவாகி, செயலியைப் புதிய சர்வருக்கு மாற்றும் வேலையை எங்கள் பிரிவு அதிகாரி என்னிடம் ஒப்படைத்தார். ஐந்து நாள் தவணை கொடுத்தார். செயலியையும் அதன் தரவுகளையும் நகலெடுத்துப் புதிய சர்வரில் இயக்கியபோது அது எழுந்திருக்கவில்லை. ஒரு செயலி தன் வேலைகளில் சிலவற்றை வேறு சிறு நிரல்களிடம் விட்டுவிடும், அவற்றை லைப்ரரி என்போம். என்னென்ன லைப்ரரி வேண்டும் என்று ஒரு பட்டியல் செயலியோடு இருக்கும். அந்தப் பட்டியலின்படி எல்லாவற்றையும் நிறுவிய பிறகும் நான்கு லைப்ரரிகள் இல்லை என்று எரர் வந்தது. ஒன்று தீர்ந்தால்தான் அடுத்தது என்னவென்று தெரியும் என்பதால் இதற்கே மூன்று நாள் போயிற்று.

முதல் இரண்டும் இணையத்தில் கிடைத்தன. மூன்றாவது, வரைபடம் போடும் லைப்ரரி. நிறுவிய பிறகும் அது மறுத்தது. பழைய சர்வரில் மட்டுமே இருந்த ஓர் எழுத்துருக் கோப்பை அது தேடுகிறது என்று கண்டுபிடித்துக் கொண்டுவந்து வைத்தேன். நான்காவதின் பெயர் குரல். அது இணையத்தில் எங்கும் இல்லை. அழைப்பில் பேசவேண்டிய துண்டுகளைக் கோத்து வாக்கியமாக்குவதற்குச் சீனியர் தம் கையால் எழுதியது அது. பட்டியலில் அதை அவர் சேர்க்கவில்லை. பழைய சர்வரில் அவருடைய சொந்த ஃபோல்டருக்குள் இருந்தது. இறந்த ஊழியரின் ஃபோல்டரைத் திறக்க நிர்வாகத்தின் கடிதம் வேண்டும் என்பது விதி. பிரிவு அதிகாரியிடம் கேட்டேன். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்.

அதன் பிறகு, தவணையின் கடைசி நாளன்று காலை பதினொரு மணிக்கு, செயலியில் நான் ஒரு வரி எழுதிச் சேர்த்தேன். குரல் என்ற லைப்ரரி கிடைக்காவிட்டால் சத்தம் போடாமல் அடுத்த வேலைக்குப் போய்விடு என்பது அந்த வரியின் பொருள். உடனே செயலி எழுந்தது. பக்கம் திறந்தது, வரைபடம் வந்தது, எல்லா விளக்குகளும் பச்சையாக எரிந்தன. அதிகாரி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்து, "அப்பாடா, ஒரு வழியா கரை சேந்தோம்" என்றார். கடிதம் வந்ததும் லைப்ரரியைக் கொண்டுவந்து வைக்கலாம் என்று நினைத்தேன். கடிதத்தை இரண்டாம் முறை நான் கேட்கவில்லை.

அழைப்பு போகிறதா என்று சோதிக்க வசதி இருந்ததா என்று ஆய்வாளர் கேட்டதற்குச் சொல்கிறேன். இருந்தது. ஒரே ஓர் எண்ணுக்கு மட்டும் சோதனை அழைப்பு விடலாம். அந்த எண் சீனியருடைய சொந்த எண். அவர் வீடும் தாழ்வான தெருவில் இருந்ததால், எச்சரிக்கை போகும் நானூற்றுப் பன்னிரண்டில் அதுவும் ஒன்று. அவர் இறந்த பிறகும் அண்ணி, அதாவது அவர் மனைவி, அந்தத் தொலைபேசியைச் சார்ஜ் போட்டு உயிரோடு வைத்திருப்பது எனக்குத் தெரியும். குரல் பதிவுகள் தரவுகளோடு வந்திருந்ததால், அது அடித்து, அண்ணி எடுத்து, அதில் துண்டு துண்டாகவாவது அவர் பேசினால் என்ன ஆகும் என்று நினைத்துச் சோதனையை விட்டுவிட்டேன். எண்ணை மாற்றி என் எண்ணைப் போட இரண்டு நிமிடம் போதும். அதையும் செய்யவில்லை. அந்தக் குரலைக் கேட்க எனக்கே மனம் வரவில்லை என்பதுதான் உண்மை. அன்று மாலை பழைய சர்வரின் வயர்களைப் பிடுங்கி, அதைச் சாமான் அறையில் உடைந்த நாற்காலிகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டினோம்.

அதன் பிறகு பதினோராம் நாள், மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு, ஆற்றின் மேற்பகுதியில் பெய்த மழையால் நீர்மட்டம் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. எங்கள் ஊரில் அப்போது நல்ல வெயில். பக்கம் சிவப்பானது. போன அழைப்புகள் என்ற இடத்தில் பூஜ்யம் என்று இருந்தது. இரண்டு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், பூஜ்யம் மாறவில்லை. நான் எழுதிய வரி தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது.

அதிகாரி தீயணைப்பு நிலையத்துக்கும் இந்த நிலையத்துக்கும் போன் போட்டார். ஆற்றுக்கு மிக அருகில் இருப்பது பம்பு நிலையம் என்பதால் அதன் காவலாளியை நான் நேரில் அழைத்தேன். ஓயாமல் பேசுவதால் அவருக்கு ரேடியோ என்று பெயர். இரண்டு மணி பத்தொன்பது நிமிடத்துக்கு எடுத்தார். வாயில் சாப்பாட்டோடு பேசினார்.

"அண்ணே, தண்ணி வருது. உடனே மேல ஏறி வாங்க."

"யாரு, கம்ப்யூட்டர் தம்பியா? இங்க வெயில் மண்டையப் பிளக்குது, நீ வேற."

"விளையாடலண்ணே. சிவப்பு தாண்டிடுச்சு."

"தாண்டினா சீனியர் கூப்பிட்டிருப்பாரே தம்பி. மூணு வருஷமா ஒரு தடவ தவறினதில்ல. அவர் கால் வரட்டும், கெளம்பிடுறேன்."

சீனியர்தான் இல்லையே என்று சொன்னேன். "ஆளு இல்ல, குரல் இருக்குல்ல" என்று சொல்லி வைத்துவிட்டார். திரும்ப அழைத்தபோது வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு நான் சாமான் அறைக்கு ஓடி, சாவி கிடைக்காததால் பூட்டை உடைத்து, பழைய சர்வரைத் தூக்கிவந்து என் மேசையில் வைத்து வயர்களைச் செருகினேன். செயலி சீனியரின் கணக்கிலேயே அதில் தானாக எழுந்திருக்கும்படி அவர் அமைத்திருந்ததால் எந்தக் கடிதமும் தேவைப்படவில்லை. அது எழுந்திருக்கப் பதினோரு நிமிடம் ஆயிற்று. கருவிகள் புதிய சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்ததால் நீர்மட்டத்தை நான் கையால் தட்டச்சு செய்தேன். இரண்டு ஐம்பத்திரண்டுக்கு அழைப்புகள் போகத் தொடங்கின. நாற்பத்திரண்டு நிமிடத் தாமதம். தெருக்களில் இருந்தவர்கள் எல்லோரும் வெளியேறிவிட்டார்கள். பம்பு நிலையத்துக்குத் தண்ணீர் இரண்டு நாற்பதுக்கே வந்துவிட்டதாகப் பிறகு தெரிந்தது.

யாராவது எடுக்கவில்லை என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, எடுக்கும்வரை, செயலி திரும்பத் திரும்ப அழைக்கும். மூன்றரை மணிக்குள் எல்லா எண்களும் எடுக்கப்பட்டுவிட்டன. ரேடியோவின் எண் மட்டும் திரையில் தனியாக நின்றது. நிறுத்து என்ற பொத்தான் அதன் பக்கத்திலேயே இருந்தது. அதிகாரி இரண்டு தடவை வந்து நிறுத்தச் சொன்னார். நான் நிறுத்தவில்லை. ஐந்து மணி நாற்பத்திரண்டுக்கு, கம்பி வேலியில் சிக்கியிருந்த உடலை எடுத்துவிட்டதாகப் போன் வந்த பிறகுதான் பொத்தானை அழுத்தினேன். அதற்குள் சீனியரின் குரல் அவரை முப்பத்தைந்து முறை கூப்பிட்டிருந்தது. வேலி இருக்கும் இடம் பம்பு நிலையத்திலிருந்து மேட்டுக்கு வரும் வழியில், ஐம்பது அடி தள்ளி உள்ளது. அவர் எதைப் பார்த்துக் கிளம்பினார் என்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகு மேட்டில் உள்ள பள்ளிக்கூடத்துக்கு ஆட்களைக் கணக்கெடுக்கப் போனேன். அண்ணி வாசல் தூணருகே வெறுங்காலோடு நின்றிருந்தார். ஒவ்வொரு வகுப்பறையாக அவர் யாரையோ தேடியதாகப் பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து, "வந்துடுன்னு கூப்பிட்டாரே தம்பி, எங்க நிக்கிறாரு?" என்றார். சிறிது நேரத்தில் அவரே கையை விட்டுவிட்டு, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். எண்ணிக்கையை மட்டும் சொன்னேன், காவலாளி இறந்ததைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை பிரிவு அதிகாரி என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். சீனியர் தம் லைப்ரரியைப் பட்டியலில் சேர்க்காமல் ஒளித்துவைத்ததே காரணம் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். "உனக்கும் புள்ள இருக்கு. செத்தவன யாரும் கூண்டுல ஏத்தப் போறதில்ல" என்றார். சீனியர் பட்டியலில் சேர்க்காதது உண்மை. ஆனால் அது இல்லை என்பதைச் செயலி என்னிடம் மறைக்கவில்லை. இல்லை, இல்லை என்று வாய்விட்டுச் சொன்னது. அதன் வாயை அடைத்தவன் நான். அதனால் எழுதிக் கொடுக்க மறுத்தேன். ஃபோல்டரைத் திறப்பதற்கான கடிதம் அன்று பத்தே நிமிடத்தில் வந்தது. லைப்ரரி இப்போது புதிய சர்வரில் இருக்கிறது. சோதனை அழைப்பை என் எண்ணுக்கே விட்டு, கடைசி வார்த்தைவரை கேட்டேன்.

அதிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. என் தொலைபேசி அடித்தால் என் மகள் முதலில் என் முகத்தைப் பார்க்கிறாள், பிறகுதான் அதை எடுத்துவந்து கொடுக்கிறாள். ரேடியோவின் மனைவியைப் பார்க்க இரண்டு முறை அவர் வீட்டுத் தெருவரை போய்த் திரும்பிவிட்டேன்.

எழுதியதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். செயலியில் நான் சேர்த்த வரியைப் பற்றிய இடத்தில், என் நன்மைக்காக அவர் "தெரியாமல்" என்ற சொல்லைச் சேர்த்திருந்தார். நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். "இருக்கட்டும் சார், பின்னால உதவும்" என்றார். அந்தச் சொல்லை அடித்துவிடச் சொன்னேன். அடித்த இடத்தின் ஓரத்தில் என் சுருக்கொப்பம் உள்ளது. மற்றவை நான் சொன்னபடியே இருக்கின்றன, நான் அறிந்தவரை எல்லாம் உண்மை, இதில் கூட்டவோ குறைக்கவோ எனக்கு வேறொன்றும் இல்லை.

(கையொப்பம்)
கணினி நிர்வாகி

என் முன்னிலையில் எழுதி, படித்துக் காட்டி, ஒரு சொல் நீக்கப்பட்டுக் கையொப்பம் பெறப்பட்டது.
(கையொப்பம்)
ஆய்வாளர்