மாட்யூலில் இல்லாத ஃபோல்டர்

எனக்குச் சட்டையை ஒழுங்காக மடித்து வைக்கத் தெரியாது. ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களுக்கு அந்தத் துணிக் குவியல் பழகிப்போயிருக்கும். ஆனால் என் கம்ப்யூட்டருக்குள் ஒரு தூசி கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னை ஏதோ வெறி பிடித்தவன் என்று நினைத்துவிடுவீர்கள்.

கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த அரிப்பு தெரியும். என் செட்டிங்ஸ் எல்லாம் ஒரே கோப்பில் அனுமார் வாலாக நீண்டுகொண்டே போயின. அதை உடைத்தேன். மாட்யூல் என்று சின்னச் சின்னக் கோப்புகள்: திரைக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று, எந்த ஃபோல்டர்கள் இருக்கலாம் என்பதற்கு ஒன்று. ஒவ்வொன்றும் தன் வேலையை மட்டும் பார்க்கும். எங்கள் சர்ச் கமிட்டியில்கூட அது நடந்ததில்லை. கடைசியாக ஒரு விதியும் வைத்தேன். மெஷினை ஆன் செய்யும்போதெல்லாம், மாட்யூலில் பெயர் எழுதி வைக்காததெல்லாம் அழிந்துபோகும். தினமும் புது மெஷின். கேட்கவே சுகமாக இல்லையா?

என் மனைவி லீனாவின் லேப்டாப்பையும் இதே ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்தேன். அவள் அல்சூர் ஏரியின் பாசியைப் பற்றி பிஎச்.டி. செய்கிறாள். வருடக்கணக்காகப் பாசி. சாப்பாட்டு மேஜையிலும் பாசி. தீசிஸை நெட்டில் ஏதோ கம்பெனியிடம் சேமித்து வைக்கிறேன் என்றாள். நம் வீட்டுப் பொருளை ஊரான் வீட்டில் வைப்பதா என்று நான்தான் தடுத்தேன். பேக்கப் என் பொறுப்பு என்றேன். நம்பினாள். அது அவள் குணம்.

மாட்யூல் வேலை முழுதும் முடிந்த அன்று அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாசிப் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "நைஸ், லாயிட்" என்றாள். எனக்கு வலித்தது. ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சனிக்கிழமை அவள் லேப்டாப்பை ஆன் செய்தபோது தீசிஸ் ஃபோல்டர் இல்லை. திங்களன்று கொடுக்க வேண்டியது. "லாயிட், என் ஃபோல்டர் எங்க? நீ என்னா பண்ணே?" என்று கத்தினாள். மாட்யூலில் இல்லை, அதனால் இல்லை என்று பொறுமையாக விளக்கினேன். பேக்கப்பிலும் இருக்காது, ஏனென்றால் பேக்கப்பும் மாட்யூலைப் பார்த்துத்தான் நடக்கிறது. இதில் என்ன குழப்பம் என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

அத்திபெலேயிலிருந்து அவள் அண்ணன் கிளிஃபர்ட் ஓடி வந்தார். "ஒரே லைன் தானே மாப்ளே? எழுதி வச்சிருந்தா என்ன கொறஞ்சிருக்கும்?"

எழுதித்தான் வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை அந்த வரியை எடுத்தேன். அவரிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். அந்தக் கோப்பில் மற்ற வரிகளெல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம். அவள் ஃபோல்டரின் வரி மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பக்கத்து அறையில் அவள், கடைசி அத்தியாயத்தை முடித்துவிட்டேன் என்று ஃபோனில் யாரிடமோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் பேக்கப்பை ஓடவிட்டேன். அதில் இருந்த பழைய பிரதியும் அழிந்தது.

கிளிஃபர்ட் போன பிறகும் லீனா விடவில்லை. ஃபோல்டர் எங்காவது ஒளிந்திருக்குமோ என்று, அழுதுகொண்டே என் மாட்யூல்களை ஒவ்வொன்றாகத் திறந்து வரி வரியாகப் படித்தாள். நான் காபி போட்டுக் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து, அடுத்து எதைத் திறக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் அவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்ததில்லை.